சிவப்பு முத்திரை

அத்தியாயம் 14

சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளவில்லை. இன்று வியாழக்கிழமை. வேறு வீடாக இருந்தால் ஐந்து நாள் ஒரு பெரிய விஷயமே இல்லை. இங்கே அண்ணியும் நாத்தனாரும் பல் தேய்த்துக்கொண்டே பேசுகிறவர்கள்.

மக்கள் சேவையில் செயற்கை நுண்ணறிவை உருப்படியாகப் பயன்படுத்திய பிரிவுக்கு மாநில அரசு ஒரு பாராட்டு அறிவித்ததும், கீழ்வீட்டு அண்ணி யாரிடமும் மூச்சுவிடாமல் விண்ணப்பம் போட்டதும், மாடிவீட்டு நாத்தனாரும் அதே வாரம் அதே காரியத்தைச் செய்ததும் நமக்குத் தெரியும். இறுதிப் பட்டியலில் வந்த மூன்று பெயர்களில் இரண்டு ஒரே வாசல் கதவு எண்ணிலிருந்து வந்தன. அன்றைக்கு மூடிய வாய்கள்தான்.

இரண்டு பேருக்கும் விண்ணப்பப் படத்தை ஒட்டிக் கொடுத்தவன் ஒரே ஆள். ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்கு அண்ணன், ஊருக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று மனைவி சொன்னாள். "அண்ணா, உன்கிட்ட மட்டும்" என்று தங்கை சொன்னாள். அவன் இருவருக்கும் உண்மையாக இருந்தான். அந்தக் குற்றத்துக்குத்தான் இப்போது தண்டனை அனுபவிக்கிறான்.

"என்னங்க, மாடியில இருக்கறவங்ககிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

மாடியில் இருக்கிறவள் மூன்றடி தள்ளி நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். "நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னு சொல்லிடு அண்ணா."

"ரெண்டு பேரும் இங்கதானே நிக்கறீங்க?"

"எல்லா விஷயத்தையும் உங்ககிட்ட மட்டும்தானே சொல்லி வைக்கிறோம்" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரன் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான்.

பதினொரு மணிக்குத் தேர்வுக் குழு அண்ணியின் அலுவலகத்துக்கு வருகிறது. மூன்று மணிக்கு நாத்தனாரின் அலுவலகம். இரண்டு பேருமே ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நாத்தனார் செருப்பு மாட்டுவதற்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தவள் போல நிமிர்ந்தாள். சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

ஆணியில் அவளுடைய அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. குழு வரும் நாளில் அட்டையில்லாமல் போய் நிற்பாளா இவள்? அண்ணி அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள். கோபம் கோபம்தான். ஆனால் அட்டை அட்டைதானே.

*

அண்ணி வேலை செய்யும் மனுப் பிரிவு மூன்றாவது மாடியில், பின்பக்கம். நீளமான அறை, ஏழு மேசை, சுவரளவு இரும்பு அலமாரிகள். மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு கணினியும் மனுக்களைப் படமெடுக்கும் ஸ்கேனரும். அந்தத் தடுப்புக்குள் மட்டும் ஏசி உண்டு. கணினிக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. புதிதாக வந்தார், வந்ததும் அவருக்கு மட்டும் ஏசி போட்டார்கள், முதல் மாதம் ஒரு வேலையும் செய்யவில்லை, யாரும் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. வேறென்ன பெயர் வைப்பது?

மாப்பிள்ளையைக் கொண்டுவந்தது அண்ணிதான். அதற்குக் காரணம் ஒரு மின்கம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுக்கட்டை அவிழ்த்தபோது, விளையாட்டுத் திடலுக்கு மேலே கம்பி அறுந்து தொங்குகிறது என்று ஒருவர் எழுதிய மனு அவள் கைக்கு வந்தது. தேதியைப் பார்த்தாள். ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலையை அப்படியே போட்டுவிட்டு அந்தத் திடலுக்கு ஓடினாள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பியை யாரோ ஒரு கழியில் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த மனுவின் தேதி அவளுக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

அதன் பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து, பத்து வருஷத்துப் பழைய மனுக்களைப் படமெடுத்து, எந்த மனு எத்தனை நாளில் அதிகாரி மேசைக்குப் போனது என்ற தேதிகளோடு சேர்த்து மாப்பிள்ளைக்குப் பாடம் நடத்தினாள். இப்போது மாப்பிள்ளை கிறுக்கல் கையெழுத்தையும் வாசிப்பார். எந்தத் துறைக்குப் போக வேண்டிய மனு, எது முதலில், எது பிறகு என்று வரிசை போடுவார்.

ஆனால் அவரை வைத்துக்கொள்ளும் அனுமதி இந்த மாதம் முப்பதோடு முடிகிறது. பாராட்டு கிடைத்தால் மாப்பிள்ளை நிரந்தரம். கிடைக்காவிட்டால் தலைமை அலுவலகத்துக்கே பார்சல் ஆகிவிடுவார், மனுக்கள் மறுபடி அலமாரிக்குள் போகும். இந்த வீம்புக்காரி அண்ணி, நாத்தனாரிடம்கூடப் பேசாமல் இருப்பது விருதுக்காக இல்லை, இதற்காகத்தான். அதைச் சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது. சொல்லவில்லை.

அன்று காலை தபாலை அவளே பிரித்தாள். முப்பது மனு. ஒன்று மட்டும் நோட்டுப் புத்தகத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தது. ஒரு பள்ளிக்கூடக் காவலாளி எழுதியது. 'ஐந்து நாளாகக் குழாய்த் தண்ணீரில் நாற்றம். நேற்று ஏழு பிள்ளைகள் வயிற்றுவலி என்று வரவில்லை.' இதுதான் இன்றைக்கு மாப்பிள்ளையின் பட்டியலில் முதலில் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குழுவின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. வரவேற்க அவள் கீழே ஓடினாள்.

அவள் திரும்பி வருவதற்குள் சூப்பிரண்டு ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தார். அவர் தங்கமான மனிதர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். குழுவின் கண்ணுக்கு அலுவலகம் சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டுமே என்ற கவலையில், முப்பது மனுவிலும் வலது மேல் மூலையில் 'அவசரம்' என்று சிவப்பு முத்திரை குத்த ஆரம்பித்தார். இருபத்தாறு குத்தினார். அத்தோடு மை காய்ந்துவிட்டது. நாலு தப்பித்தது.

*

குழுவின் தலைவி மெலிந்த உருவம், வெள்ளை முடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அதிகம் பேசவில்லை. "செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

முப்பது தாளும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நாலே நிமிஷம். திரையில் பட்டியல் வந்து நின்றது. எந்தத் துறை, யாருடைய மேசை, எந்த வரிசை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"கையால செஞ்சா இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நாள் மேடம்" என்றார் சூப்பிரண்டு. "லீவு போட்டா நாலு நாள்."

தலைவி சிரித்தார். கூட வந்தவர்கள் ஏதோ குறித்துக்கொண்டார்கள். ஒருவர் பேனாவை மூடவும் செய்தார். சூப்பிரண்டின் முகத்தில் கல்யாணக் களை.

அண்ணி பட்டியலைப் பார்த்தாள். முதலிடத்தில் ஒரு நூலகத்துக்கு நாற்காலி கேட்டு வந்த மனு. இரண்டாவது, பேருந்து நிறுத்தத்தின் பெயர்ப் பலகை. காவலாளியின் மனுவைத் தேடிக்கொண்டே கீழே வந்தாள். அது இருபத்தொன்பதாவது இடத்தில் இருந்தது.

மறுபடி மேலிருந்து எண்ணிப் பார்த்தாள்.

பேசாமல் இருந்தால் வேலை முடிந்தது. இவர்களுக்கு எந்த மனுவில் என்ன இருக்கிறதென்று தெரியாது. இவர்கள் போன பிறகு காவலாளியின் மனுவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம். பாராட்டும் வரும், மாப்பிள்ளையும் நிற்பார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

நாளைக்கு இருபத்தொன்பதாவது இடத்தில் வேறொரு மின்கம்பி இருந்தால்?

"மேடம், ஒரு நிமிஷம். இது தப்பு" என்றாள்.

சூப்பிரண்டு அவளைப் பார்த்த பார்வையில், ஓய்வூதியம், வழியனுப்பு விழா, மாலை எல்லாம் ஒவ்வொன்றாகக் கரைவது தெரிந்தது.

"எது தப்பு?" என்றார் தலைவி.

"வரிசை. இந்தத் தண்ணி மனுதான் முதல்ல வரணும். கடைசிக்கு முன்னால நிக்குது. நேத்துவரைக்கும் இப்படிப் போட்டதில்ல. இன்னிக்கு என்னமோ ஆயிருக்கு."

தாள்களைக் கையில் எடுத்துப் புரட்டினாள். முதல் நாலு இடத்தில் இருந்த மனுக்களில் முத்திரை இல்லை. மீதி எல்லாவற்றிலும் சிவப்பு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"சார், முத்திரை குத்தினீங்களா?"

"அவசரம்னு குத்தினேன். நல்லதுக்குத்தானே குத்தினேன்?"

"மேடம், எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம். எது வந்தாலும் அவசரம்னு குத்திடுவோம். பூங்காவுக்குப் பெஞ்சு கேட்டாலும் அவசரம். நிஜமாவே அவசரமா ஏதாவது வந்தா யாராவது ஒருத்தர் கையில எடுத்துக்கிட்டு நேரா அதிகாரி மேசைக்கு ஓடிடுவாங்க. அது முத்திரைப் பக்கமே போகாது. பத்து வருஷமா இப்படித்தான். முத்திரை குத்தினது எல்லாம் மாசக்கணக்கா அலமாரியில தூங்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மாப்பிள்ளை, அதாவது இந்த இயந்திரம், அந்தப் பழைய தாளையும் தேதியையும் பாத்துத்தான் கத்துக்கிச்சு. சிவப்பு முத்திரை இருந்தா மெதுவாப் பாத்துக்கலாம்னு புரிஞ்சிக்கிச்சு. நாம எழுதினதை நம்பல மேடம். நாம செஞ்சதை நம்பியிருக்கு."

ஏழாவது மேசைக்காரர் தன் முத்திரையை மெதுவாக இழுப்பறைக்குள் தள்ளினார்.

"இத்தனை நாள் ஏன் தெரியல?"

"நான் காலையில குத்தறதுக்கு முன்னாடியே படமெடுத்திடுவேன். இன்னிக்குத்தான் குத்தினப்புறம் உள்ள போச்சு."

"இப்ப என்ன பண்ணுவீங்க?"

அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசையில் கிடந்த பழைய கவர் ஒன்றைக் கிழித்து, முத்திரை விழும் மூலை மறையும்படி ஸ்கேனர் கண்ணாடியின்மேல் ஒட்டினாள். முப்பது தாளையும் மறுபடி உள்ளே விட்டாள். நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் சூப்பிரண்டு தன் கைக்குட்டையை மடித்து மடித்து ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பட்டியல் வந்தது. முதலிடத்தில், குடிநீர், பள்ளிக்கூடம், ஏழு பிள்ளைகள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுக்கலாம் போல இருந்தது.

"சரி" என்றார் தலைவி. அவர் குரலில் ஒன்றும் தெரியவில்லை. "மனு மேல வந்தாச்சு. குழாய் எங்க உடைஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? தெருவைப் பூரா தோண்டுவீங்களா?"

அது யாருக்குத் தெரியும் என்று அண்ணிக்குத் தெரியும். ஊரில் ஓடும் குப்பை லாரிகளின் நெற்றியில் கேமரா மாட்டி, எந்தத் தெருவில் எத்தனை பள்ளம் என்று தினமும் கணக்கெடுக்கும் ஒரு சாலைப் பொறியாளர் இருக்கிறாள். ஐந்து நாளாகப் பேசாதவள். இறுதிப் பட்டியலில் எதிராளி.

தொலைபேசியை எடுத்தாள். மணி ஒரு தரம்தான் அடித்தது.

"சாலைப் பிரிவு."

"மனுப் பிரிவிலிருந்து பேசுகிறேன்" என்றாள் அண்ணி, செய்தி வாசிப்பவளைப் போல.

நாத்தனாரும் அதே குரலில் பதில் சொன்னாள். "சொல்லுங்க."

பள்ளிக்கூடத்தின் பெயரையும் தெருவையும் சொன்னாள். அந்தப் பக்கம் விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது.

"பள்ளிக்கூடத்துப் பின்தெருவுல ஒரு பள்ளம் இருக்கு. ஆறு நாளா லாரி கேமரா அதையே காட்டுது. தினமும் கொஞ்சம் பெரிசாகுது, ஈரமா இருக்கு. மழைத்தண்ணி தேங்குதுன்னு நினைச்சு, நாளைக்கு மூடறதுக்கு வரிசையில வெச்சிருக்கேன்."

"மழை பேஞ்சு பத்து நாளாச்சு."

பிறகு நாத்தனார் அலுவல் குரலை எங்கோ போட்டுவிட்டுப் பேசினாள். "அய்யோ அண்ணி. அது பள்ளமே இல்ல. கீழ குழாய் கசியுது. பக்கத்துலயே சாக்கடை போகுது. நான் நாளைக்கு அதும்மேல தாரைக் கொட்டி மூடியிருப்பேன்."

"இன்னும் மூடலையே. ஸ்கூலுக்கு நான் சொல்லிடறேன், குழாயை அடைக்கட்டும். நீ குடிநீர்க்காரங்களைக் கூட்டிக்கிட்டு நேரா அங்க போ. நானும் வரேன்."

"அட்டை மாட்டினதுக்கு தேங்க்ஸ் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

*

மூன்று மணிக்கு நடக்க வேண்டிய கூட்டம் இரண்டு மணிக்கே தெருவில் நடந்தது. தலைவி நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் நின்றார். நாத்தனார் தலைக்கவசத்தோடு உள்ளேயே இறங்கிவிட்டாள். இரண்டரை அடி தோண்டியதும் விரிசல் தெரிந்தது, கைவிரல் நீளம். அதற்கு ஒரு சாண் தள்ளிச் சாக்கடைக் குழாய்.

"கிடைச்சிடுச்சு அண்ணி" என்று பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

அண்ணி கையை நீட்டினாள். மேலே வந்தவள் முழங்கால் வரை சேறு. அந்தச் சேற்றோடு அப்படியே கட்டிக்கொண்டாள். குழு வருகிறதென்று அண்ணி கட்டியிருந்த இஸ்திரி போட்ட வெளிர்நீலப் புடவை அத்தோடு ஒழிந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ஐந்து நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது என்னவென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. விருதும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. இவளிடம் பேசாமல் இருந்ததுதான்.

பள்ளிக்கூட வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றது. காவலாளி ஓடி வந்தார். "நேத்து போட்ட லெட்டருக்கு இன்னிக்கு மத்தியானமே ஆள் வருமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வராத ஏழு பிள்ளைகளின் வீட்டுக்கும் செவிலியர் போய்ப் பார்த்து, எல்லாரும் எழுந்து உட்கார்ந்து தின்பண்டம் கேட்கிறார்கள் என்று சொல்லியனுப்பியதும்தான் அவர் முகம் தெளிந்தது.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இதுவரைக்கும் பதினாறு ஆபீஸ் பாத்துட்டேன். எல்லாரும் எங்க இயந்திரம் தப்பே பண்ணாதுன்னு சொன்னாங்க. தப்புன்னு தானே சொல்லி, எங்க கண்ணு முன்னாடியே கவரைக் கிழிச்சு ஒட்டினது நீங்க ஒருத்தர்தான்." சூப்பிரண்டைத் திரும்பிப் பார்த்தார். "பாராட்டு யாருக்குப் போனாலும், இந்த இயந்திரத்தை அங்கிருந்து எடுக்கக் கூடாதுன்னு இன்னிக்கே எழுதறேன்."

சூப்பிரண்டு பையிலிருந்த சிவப்பு முத்திரையையும் புதிதாக வாங்கிய மைப்பெட்டியையும் எடுத்து அண்ணியின் கையில் வைத்தார். "இது ஆபீஸ்ல இருந்தா என் கை சும்மா இருக்காதும்மா. நீங்களே கொண்டு போயிடுங்க."

*

சாயங்காலம் வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டே நுழைந்ததைப் பார்த்து, கண்ணாடிக்காரன் முதலில் பயந்துதான் போனான்.

ஆறு மணிக்குத் தலைவியின் ஓட்டுநர் ஒரு கவர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு விண்ணப்பத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பரிசீலிக்கக் குழு சம்மதிக்கிறது. இணைத்திருக்கும் படிவத்தை நிரப்பித் திங்கட்கிழமை பத்து மணிக்குள் நேரில் தர வேண்டும். படிவம் ஒரே பிரதி. அடித்தல் திருத்தல் ஏற்கப்படாது. நடுவில் ஒரே ஒரு கோடு. 'கூட்டு விண்ணப்பத்தின் தலைவர் பெயர் (ஒருவர் மட்டும்)'.

"அண்ணி பேரை எழுதுங்க" என்றாள் நாத்தனார்.

"எதுக்கு? பள்ளத்துல இறங்கினது நீ. உன் பேருதான்."

"நீங்க போன் பண்ணலன்னா நான் அதும்மேல தாரை ஊத்தியிருப்பேன்."

"உன் லாரி பாக்கலன்னா நான் தெருவையே தோண்டியிருப்பேன்."

படிவம் மேசையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போய்ப் போய் வந்தது. காபி ஆறியது. ஏழு மணி ஆனது. குரல்கள் ஏறின. "நீங்க எப்பவுமே இப்படித்தான் அண்ணி, விட்டுக்குடுத்துட்டு அப்புறம் சொல்லிக் காட்டுவீங்க" என்று நாத்தனாரும், "நான் எப்ப சொல்லிக் காட்டினேன்?" என்று அண்ணியும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"பேசாம இருந்த அஞ்சு நாளும் நான் நிம்மதியா இருந்தேன்" என்றான் கண்ணாடிக்காரன். "இங்க பாருங்க, இதுக்கு நான் ஒரு வழி பண்றேன்."

மேசைமேல் முத்திரையும் மைப்பெட்டியும் கிடந்தன. விளையாட்டாக எடுத்து மையில் தோய்த்து, இரண்டு பேரும் கையை நீட்டுவதற்குள் படிவத்தில் ஓங்கிக் குத்தினான். "அவசரம். போதுமா? இப்பவாவது சட்டுனு முடிவு பண்ணுங்க."

இரண்டு பேரும் குனிந்து படிவத்தைப் பார்த்தார்கள்.

"என்னங்க" என்றாள் அண்ணி மெதுவாக. "அது ஒரே பிரதி."

அவன் கையில் முத்திரை அப்படியே நின்றது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

அண்ணி படிவத்தை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். புது மை, எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. தலைவர் பெயர் எழுத வேண்டிய கோட்டின்மேல், நட்டநடுவில், சிவப்பாக 'அவசரம்' என்று விழுந்திருந்தது.